கையெழுத்துக்குப் பிறகு

(அறக்கட்டளைச் சொற்பொழிவு: அச்சுக்காகத் திருத்திய வடிவம்)



அமெரிக்க அதிபர்களின் முடிவுகள் அந்த நாட்டை எப்படி உருவாக்கின என்று பேசப் பணித்தீர்கள். வாஷிங்டனில் தொடங்கி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனால் பட்டியல்தான் மிஞ்சும். ஆகவே ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு மாணவிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அமெரிக்க வரலாற்றைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியவன் நான். "அடிமைகளுக்கு விடுதலை தந்தவர் யார்?" என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "லிங்கன்" என்று சொல்லும். ஒருநாள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். "ஐயா, 1863இலேயே விடுதலை கிடைத்துவிட்டது என்றால், 1965இல் அவர்களுக்கு வாக்குரிமைச் சட்டம் எதற்கு? நடுவில் நூறு வருஷம் என்ன ஆச்சு?" என்று கேட்டார். அன்று மணி அடித்துவிட்டது. இன்றைய உரைதான் நான் அவருக்குத் தரும் விடை.

தமிழில் 'முடிவு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தீர்மானம் என்பது ஒன்று, இறுதி என்பது இன்னொன்று. வரலாற்றைப் படிக்கும்போது இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். அதிபர் தீர்மானித்தார், அத்தோடு காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அதிபரின் கையெழுத்து ஒரு வேலையைத் தொடங்கி மட்டுமே வைக்கிறது என்பதே நான் நிறுவ விரும்பும் கருத்து. பின்னால் வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துக் காக்கிறார்களா, கைவிடுகிறார்களா என்பதில்தான் நாடு உருவாகிறது. இதை ஆறு செய்திகளாகச் சொல்கிறேன்.

1. விட்டுக்கொடுத்த பதவி

1787இல் எழுதிய அரசமைப்புச் சட்டம், ஒருவர் எத்தனை முறை அதிபராகலாம் என்று வரம்பு கட்டவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் விரும்பியிருந்தால் உயிருள்ளவரை பதவியில் இருந்திருக்கலாம். 1796 செப்டம்பரில், மூன்றாம் முறை நிற்கப் போவதில்லை என்று பிலடெல்பியா நாளிதழ் ஒன்றில் மக்களுக்கு எழுதிய மடல் வழியே அறிவித்தார். அவர் இறந்தது 1799 டிசம்பரில். மூன்றாம் முறையும் ஏற்றிருந்தால் பதவியிலேயே இறந்திருப்பார். அதிபர் பதவி என்பது ஆயுள் பதவி என்ற எண்ணம் முதல் தலைமுறையிலேயே வேரூன்றியிருக்கக்கூடும்.

அவர் செய்ததைச் சட்டமாக யாரும் எழுதி வைக்கவில்லை. பின்வந்தவர்கள்தான் அதை வழக்கமாக்கினார்கள். ஜெஃபர்சன் இரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டார். 1880இல் கிராண்ட் மூன்றாம் முறை முயன்றபோது அவருடைய கட்சியே வேட்பாளராக்க மறுத்தது. 1912இல் தியடோர் ரூஸ்வெல்ட் தோற்றார். 1940இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அந்த வழக்கத்தை மீறி வென்றார், 1944இல் மீண்டும் வென்றார். அதன் பிறகுதான் நாடு விழித்துக்கொண்டது. 1951இல் 22ஆம் திருத்தம் நிறைவேறி, வாஷிங்டனின் தனிப்பட்ட முடிவு சட்டமாயிற்று. கையெழுத்தே இல்லாத ஒரு முடிவு 155 ஆண்டுகள் கழித்து அரசமைப்பில் ஏறியது, மற்றவர்கள் அதை மதித்துக் காத்ததால்.

2. நிலம் வாங்கியவர் ஒருவர், விலை கொடுத்தவர்கள் வேறு

1803இல் தாமஸ் ஜெஃபர்சன் அதிபராக இருந்தபோது, பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை 1.5 கோடி டாலருக்கு அமெரிக்கா வாங்கியது. சுமார் 8,28,000 சதுர மைல். நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது. வெளிநாட்டு நிலத்தை விலைக்கு வாங்க அரசமைப்பு அதிபருக்கு அதிகாரம் தரவில்லை என்றே ஜெஃபர்சன் கருதினார். ஒரு திருத்தத்துக்கான வரைவைக்கூட எழுதினார். தாமதித்தால் நெப்போலியன் மனம் மாறிவிடுவார் என்ற அச்சத்தில் அந்த வரைவை ஓரம் வைத்துவிட்டு ஒப்பந்தத்தைச் செனட்டுக்கு அனுப்பினார்.

பத்திரத்தில் விலை எழுதியிருந்தது. முழு விலையும் அதில் இல்லை. அந்த நிலத்தில் பூர்வகுடி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே நிலம் இருக்கிறது என்ற எண்ணமே, கிழக்கே இருந்த செரோக்கி முதலிய மக்களை அங்கே துரத்தும் திட்டத்துக்கு இடம்கொடுத்தது. அதற்கான சட்டத்தில் 1830இல் கையெழுத்திட்டவர் ஆண்ட்ரூ ஜாக்சன். 1838இல் படைவீரர்கள் செரோக்கி மக்களை வீட்டிலிருந்து இழுத்து வெளியேற்றியபோது அதிபராக இருந்தவர் வான் பியூரன். அந்தப் பயணத்திலும் முகாம்களிலும் சுமார் 4,000 பேர் இறந்ததாகப் பரவலாக மதிப்பிடுகிறார்கள்.

இன்னொரு கேள்வியும் அந்த நிலத்தோடு வந்தது: புதிய மாநிலங்களில் அடிமை முறை இருக்கலாமா, கூடாதா? 1820இல் ஒரு சமரசம். 1854இல் அந்தச் சமரசத்தையே குலைத்த கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம். 1861இல் பிரிந்து கிளர்ச்சி செய்த தென்மாநிலங்களோடு உள்நாட்டுப் போர். ஜெஃபர்சன் தொடங்கி வைத்த கணக்கை லிங்கன் காலத்துப் பிள்ளைகள் போர்க்களத்தில் தீர்த்தார்கள்.

3. வாஷிங்டனிலிருந்து கால்வெஸ்டனுக்கு

மாணவியின் கேள்விக்கு வருகிறேன்.

1863 ஜனவரி 1. புத்தாண்டு நாளில் வெள்ளை மாளிகைக்கு வரும் பொதுமக்களோடு அதிபர் கைகுலுக்குவது அக்கால வழக்கம். மணிக்கணக்கில் கைகுலுக்கிய பிறகு ஆபிரகாம் லிங்கன் மாடி அறைக்கு வந்தார். மேசையில் விடுதலைப் பிரகடனம் காத்திருந்தது. பேனாவை எடுத்தார், கை நடுங்கியது. பேனாவைக் கீழே வைத்தார். நடுங்கிய கையெழுத்தைப் பிற்காலத்தார் பார்த்தால், கையெழுத்திடத் தயங்கினார் என்று சொல்வார்களே என்ற கவலை அவருக்கு. சற்றுப் பொறுத்து, நிதானமாகத் தம் முழுப் பெயரையும் எழுதினார்.

இந்தக் காட்சியோடு பாடப்புத்தகம் அத்தியாயத்தை முடித்துவிடும். நாம் முன்னும் பின்னும் பார்க்க வேண்டும்.

முன்னால்: 1861 மே மாதத்திலேயே, வர்ஜீனியாவில் அடிமைகளாக இருந்த மூவர், கூட்டாட்சிப் படையின் வசமிருந்த மன்ரோ கோட்டைக்குத் தப்பி வந்து சேர்ந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பத் தளபதி மறுத்தார். செய்தி பரவியது; அவர்கள் பின்னால் நூற்றுக்கணக்கில், பிறகு ஆயிரக்கணக்கில் மக்கள் வந்தார்கள். அதிபர் முடிவெடுக்கும் முன்பே அவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். கண்முன் வந்து நின்ற மக்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு வாஷிங்டன் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

பின்னால்: அந்தப் பிரகடனம் போர்க்கால ஆணை. கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். கூட்டாட்சியோடு நின்ற டெலவர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகிய நான்கு மாநிலங்களில் அடிமை முறை அப்படியே இருந்தது. கிளர்ச்சிப் பகுதிகளிலும் படை போய்ச் சேர்ந்த இடத்தில்தான் தாளில் இருந்த விடுதலை தரையில் இறங்கியது. அந்தப் படையில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் சேர்ந்து போரிட்டார்கள். தங்கள் விடுதலை ஆணையைத் தாங்களே சுமந்துகொண்டு போனவர்கள் அவர்கள்.

டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் துறைமுகத்துக்கு அந்தப் படை வந்து சேர்ந்தது 1865 ஜூனில். தளபதி கார்டன் கிரேஞ்சரின் ஆணை ஜூன் 19 அன்று வெளியானது: அடிமைகள் எல்லாரும் விடுதலை பெற்றவர்கள். டெக்சாஸில் அப்போது சுமார் இரண்டரை லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். லிங்கன் கையெழுத்திட்டு இரண்டரை ஆண்டு ஆகிவிட்டது. அவர் கொலையுண்டே இரண்டு மாதம் கடந்துவிட்டது. அதே ஆணை, விடுதலை பெற்றவர்கள் இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுமாறும் அறிவுரை சொன்னது. விடுதலையும் "இருந்த இடத்தை விட்டு நகராதே" என்ற சொல்லும் ஒரே தாளில் வந்தன. அடுத்த நூறு ஆண்டின் சிக்கல் முழுவதும் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

அந்த ஜூன் 19ஐக் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக 'ஜூன்டீன்த்' என்று கொண்டாடி வந்தார்கள். 2021இல்தான் அது நாடு முழுமைக்குமான அரசு விடுமுறையாயிற்று.

4. கைவிடுவதும் ஒரு முடிவே

போர் முடிந்தபின் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 14ஆம் திருத்தம் குடியுரிமை தந்தது. 1870இல் 15ஆம் திருத்தம், நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. அதே ஆண்டில் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவெல்ஸ், செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினராக அமர்ந்தார். மறுசீரமைப்புக் காலம் என்று சொல்லப்படும் அந்த ஆண்டுகளில் தெற்கே ஏறத்தாழ 2,000 கறுப்பினத்தவர் அரசுப் பொறுப்புகளை வகித்தார்கள். கு கிளக்ஸ் கிளான் கொலைக் கும்பலை ஒடுக்க அதிபர் கிராண்ட் 1871இல் படையையும் கூட்டாட்சி நீதிமன்றங்களையும் பயன்படுத்தினார். முடிவைக் காப்பது என்றால் என்ன என்பதற்கு அது சான்று.

1876 தேர்தலில் முடிவு தகராறாயிற்று. கடைசியில் ரதர்ஃபோர்டு ஹேய்ஸ் 185க்கு 184 என்ற கணக்கில், ஒரே ஒரு தேர்வாளர் வாக்கில் அதிபரானார். 1877 ஏப்ரலில் தென் கரோலினா, லூசியானா அரசு மாளிகைகளைக் காத்து நின்ற கூட்டாட்சி வீரர்களைப் பாசறைக்குத் திரும்பச் சொன்னார். கறுப்பின மக்களின் உரிமைகளை மதிப்போம் என்று தெற்கத்தியத் தலைவர்கள் சொன்ன வாக்குறுதியை அவர் நம்பினார். எந்தச் சட்டமும் ரத்தாகவில்லை. மூன்று திருத்தங்களும் அரசமைப்பில் அப்படியே இருந்தன. காவல் மட்டும் போயிற்று.

அந்த வாக்குறுதி காற்றில் போனது. 1890இல் மிசிசிப்பி புதிய மாநில அரசமைப்பு எழுதியது. வாக்களிக்க 2 டாலர் தலைவரி கட்ட வேண்டும். அரசமைப்பின் ஒரு பகுதியைப் படிக்கவோ, படிக்கக் கேட்டு விளக்கவோ வேண்டும். விளக்கம் சரியா என்று தீர்ப்பளிப்பவர் வெள்ளை அதிகாரி. மற்ற மாநிலங்களும் தத்தம் வழியில் அதைப் பின்பற்றின. லூசியானாவில் 1896இல் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள் பட்டியலில் இருந்தார்கள். 1904இல் எஞ்சியவர்கள் 1,342 பேர்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெயர் நீங்கிய ஒவ்வொருவரும், வரி கட்ட முடியாமலோ, அதிகாரியின் கேள்விக்கு நின்று பதில் சொல்லியும் "போதாது" என்று கேட்டோ, அடிக்கு அஞ்சியோ திரும்பிப் போன மனிதர். அதன்பின் பல்லாண்டுகள் வந்த அதிபர்களுக்கு இது தெரியும். 15ஆம் திருத்தத்தைக் காப்பேன் என்றும் சேர்த்துத்தான் அவர்கள் பதவிப் பிரமாணம் எடுத்தார்கள். தொடாமல் விட்டார்கள். அந்த மௌனமும் அதிபர்களின் முடிவுதான், கையெழுத்து மட்டும் இல்லை.

5. தவறான ஆணைக்கும் பல கைகள் வேண்டும்

இந்தக் கருத்து நல்ல முடிவுகளுக்கு மட்டும் பொருந்துவதில்லை. 1942 பிப்ரவரி 19 அன்று பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். முத்துத் துறைமுகத் தாக்குதல் நடந்து பத்து வாரமே ஆகியிருந்தது. அந்த ஆணையைப் படித்தால் 'ஜப்பானியர்' என்ற சொல்லே வராது. படைத்துறை தான் குறிக்கும் பகுதிகளிலிருந்து எவரையும் விலக்கலாம் என்று மட்டும் சொல்கிறது. யாரை என்பதை மேற்குக் கரைத் தளபதி முடிவு செய்தார். மீறினால் தண்டனை என்று காங்கிரஸ் சட்டம் இயற்றியது. சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரைக் கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லி முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். பிரெட் கோரமாட்சு என்ற இளைஞர் போக மறுத்து வழக்காடினார். 1944இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. அதிபர், தளபதி, காங்கிரஸ், நீதிமன்றம் என்று நான்கு கை சேர்ந்தே அந்த அநீதி நடந்தது.

திருத்தமும் அப்படித்தான் நடந்தது. 1976இல் அதிபர் ஃபோர்டு அந்த ஆணை காலாவதியானதை முறைப்படி அறிவித்தார். முகாமிலிருந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் ஆவணக் காப்பகங்களில் தேடினார்கள். அரசு தன் கையிலிருந்த சான்றுகளை நீதிமன்றத்துக்குக் காட்டாமல் மறைத்தது வெளிவந்தது. 1983இல் கோரமாட்சுவின் தண்டனை நீங்கியது. 1988இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் நாட்டின் மன்னிப்பையும், உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரையும் தந்தது. ஒரு கையெழுத்தைத் திருத்த 46 ஆண்டுகள் ஆயின.

6. 1965: இரண்டு கையெழுத்துகள்

லிண்டன் ஜான்சன் 1965இல் இட்ட இரண்டு கையெழுத்துகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம். மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா நகரில், பாலத்தைக் கடந்து அமைதியாக நடந்து வந்தவர்களை மாநிலக் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினார்கள். அன்று இரவு தொலைக்காட்சியில் நாடே அதைப் பார்த்தது. மன்ரோ கோட்டைக்கு வந்த மூவரைப் போலவே, இவர்களும் அதிபருக்கு முன்னால் முடிவெடுத்தவர்கள். ஜான்சன் எட்டு நாளில் காங்கிரஸ் முன் நின்று சட்டம் கேட்டார். ஹேய்ஸ் விலக்கிய காவலை இந்தச் சட்டம் திரும்ப நிறுத்தியது. கூட்டாட்சி அரசின் பதிவாளர்கள் தெற்கத்திய மாவட்டங்களுக்கே வந்து மேசை போட்டு வாக்காளர் பெயர்களை எழுதினார்கள். உரிமை மறுத்த வரலாறுடைய பகுதிகள் தேர்தல் விதிகளை மாற்ற முன் அனுமதி பெற வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. மிசிசிப்பியில் பதிவுசெய்த கறுப்பின வாக்காளர் விகிதம் 6.7 சதவீதத்திலிருந்து 1967இல் 59.8 சதவீதமாக உயர்ந்தது. நிக்சன், ஃபோர்டு, ரீகன், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் என்று எதிர்க்கட்சியைச் சேர்ந்த நான்கு அதிபர்கள் அடுத்தடுத்து அந்தச் சட்டத்தை நீட்டித்தார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், எந்தப் பகுதிகள் முன் அனுமதி பெற வேண்டும் என்று குறித்த விதியை நீக்கியது. காப்பது யார் என்ற கேள்வி மீண்டும் திறந்துகொண்டது.

இரண்டாவது, அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் அமர்ந்து கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம். இது நமக்கும் நெருக்கமானது. 1923இல் உச்ச நீதிமன்றம், இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று தீர்ப்பளித்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, விண்மீன்களின் வாழ்வையே கணக்கிட்டவருக்கு அந்நாட்டின் குடிமகனாக வழியில்லை. 1946இல் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம் அந்தத் தடையை நீக்கியது, ஆனால் ஆண்டுக்கு 100 இந்தியர் என்று எல்லை வைத்தது. சந்திரசேகர் 1953இல் குடிமகனானார். 1965 சட்டம் பிறந்த நாட்டை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஒழித்தது.

அந்த மேடையில் ஜான்சன் சொன்னது கவனிக்கத்தக்கது: இது புரட்சிகரமான சட்டமல்ல, கோடிக்கணக்கானோர் வாழ்க்கையை இது மாற்றாது என்ற பொருளில் பேசினார். குடும்பத்தாருக்கு முன்னுரிமை தந்தால் ஏற்கெனவே இருக்கும் ஐரோப்பியரின் உறவினர்களே வருவார்கள் என்று காங்கிரசில் சிலர் கணக்குப் போட்டார்கள். கணக்கு தப்பியது. மருத்துவர்களும் பொறியாளர்களும் வந்தார்கள்; அவர்களைத் தொடர்ந்து உடன்பிறந்தோரும் பெற்றோரும் வந்தார்கள். இன்று அங்கே இந்திய வம்சாவளியினர் 40 லட்சத்துக்கும் மேல். இந்த அரங்கில் இருப்பவர்களில் பலருக்கு அங்கே ஓர் அண்ணனோ மகளோ இருக்கக்கூடும். கையெழுத்திட்டவரே அறியாத திசையில் அந்தச் சட்டத்தை நடத்திச் சென்றவர்கள் அவர்கள்.

நிறைவாக

விடுதலைப் பிரகடனத்தின் மூலப்படி வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஐந்தே பக்கம். ஒளி பட்டால் கெடும் என்று நெடுங்காலம் ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டுமே அதைக் காட்சிக்கு வைத்தார்கள். தாளைக் காக்க அவ்வளவு பரிவு காட்டிய நாடு, அந்தத் தாளில் சொன்ன மனிதர்களைக் காக்க ஒரு நூற்றாண்டு தவறியது. அமெரிக்காவின் பெருமையையும் துயரத்தையும் நான் இந்த இடைவெளியில்தான் பார்க்கிறேன்.

அன்று கேள்வி கேட்ட மாணவிக்கு இப்போது விடை சொல்லலாம். அம்மா, அந்த நூறு ஆண்டில் 14 ஆண்டுகள் அந்த முடிவைக் காத்து நின்றார்கள். பிறகு காவலை எடுத்துவிட்டார்கள். எடுத்த காவலைத் திரும்ப நிறுத்த வைத்தவர்கள், தலைவரி கேட்ட மேசைக்கும் தடி ஏந்திய பாலத்துக்கும் திரும்பத் திரும்பப் போய் நின்ற எளிய மக்கள். லிங்கனின் கையெழுத்து 1863இல் விழுந்தது. அதன் மை காய, அவர்கள் அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது.